கறுப்பு மணல், ‘கரண்ட்’ வைத்தியம், காயலான் கடை: கதிர்வீச்சு பற்றி வாசகர் கேள்விகள்

கதிர்வீச்சு பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை ‘ஆபத்தா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்’ என்றுதான் முடிந்தன. மருத்துவமனையில் முப்பது வருஷம் கதிர்வீச்சு அளவைக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவன் நான், அப்படி ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. யார் வந்து கேட்டாலும் மூன்றைத் திருப்பிக் கேட்பேன். எவ்வளவு? எவ்வளவு நேரத்தில்? உடம்புக்கு வெளியே இருந்து பட்டதா, மூச்சிலோ சாப்பாட்டிலோ உள்ளே போனதா? இந்த மூன்றும் தெரியாமல் யாரையும் பயமுறுத்தவும் கூடாது, தைரியம் சொல்லவும் கூடாது.

அளவு என்று சொன்னேன். அது கீழே திரும்பத் திரும்ப வரும், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கதிர்வீச்சு உடம்பை எவ்வளவு பாதிக்கும் என்பதை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்கிறார்கள். மண், பாறை, காற்று, வானம், நாம் சாப்பிடும் சாப்பாடு என்று இயற்கையிலிருந்து மட்டும் ஒரு மனிதருக்கு வருஷத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டே இருக்கிறது. ஒரே நேரத்தில் 1,000 மில்லிசீவர்ட் உடம்பில் பட்டால் குமட்டல், வாந்தி, ரத்த அணுக்கள் குறைவது என்று நோய் உடனே தெரியும். 4,000, 5,000 என்று போனால், சிகிச்சை இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். 2.4-க்கும் 4,000-க்கும் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடிப்படை.

“எங்கள் கடற்கரையில் கறுப்பு மணல். அதில் கதிர்வீச்சு இருக்கிறது, அதனால்தான் ஊரில் இத்தனை கேன்சர் என்கிறார்கள். என் அம்மாவும் கேன்சரில்தான் போனார். மகளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுக்கப் பேச்சு நடக்கிறது. அவள் பிள்ளைகளாவது வேறு ஊரில் வளரட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் நினைப்பது சரியா?” — வாசகி, மணவாளக்குறிச்சி அருகில்

அம்மாவைப் பறிகொடுத்த பிறகு வரும் பயம் இது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த மணலைப் பற்றி. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட். அதில் கதிரியக்கம் பெரிதாக இல்லை. அதோடு கலந்து தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறதே, அது மோனசைட். தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருப்பது அதில்தான். நம் கடற்கரை மோனசைட்டில் 8 முதல் 10 சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு உண்டு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். அப்புறம்தான் மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்தது. அந்தக் காலத்தில் தோரியம் வாயு விளக்கின் மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. நம் கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் மேண்டிலிலும் அதே தோரியம்தான். அதாவது இந்த மணலின் கதிர்வீச்சு ஆலை வந்ததால் வந்ததல்ல, உங்கள் பாட்டிக்குப் பாட்டி அங்கே மீன் காயப்போட்ட காலத்திலும் இருந்தது.

சரி, அதனால் கேன்சர் வருகிறதா? உங்கள் ஊருக்கு வடக்கே, கொல்லம் மாவட்டத்தில் சவரா, நீண்டகரை பக்கம் இதே மணல், இன்னும் அதிகக் கதிர்வீச்சோடு இருக்கிறது. கருநாகப்பள்ளி தாலுகாவில் சில இடங்களில் வீட்டுக்கு வெளியே வருஷத்துக்கு 70 மில்லிகிரே வரை அளந்திருக்கிறார்கள் (காமா கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறக்குறைய ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்). திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் ஆய்வாளர்கள் அங்கே 1990-லிருந்து வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, 30 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாகப் பத்து வருஷத்துக்கு மேல் கவனித்துவந்தார்கள். அத்தனை பேரில் 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அதிகக் கதிர்வீச்சுள்ள வீடுகளில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக வந்ததா என்று பார்த்தால், வரவில்லை. 2009-ல் வெளியான முடிவு இது.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ கதிர்வீச்சு நல்லது போல’ என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். அந்த ஆய்வு சொல்வது இவ்வளவுதான்: இவ்வளவு மெதுவாக, நாள் முழுக்கத் துளித்துளியாக வரும் அளவில், 70,000 பேரைப் பார்த்தாலும் கண்ணில் படும் அளவுக்குக் கேன்சர் கூடவில்லை. அதைவிடச் சின்னதாக ஒரு கூடுதல் இருந்தால் அந்த எண்ணிக்கையில் அது தெரியாமல் போகலாம். அப்புறம், அவர்கள் அளந்தது வெளியே இருந்து படும் காமா கதிரை. மணல் பிரிக்கும் இடத்தில் தூசு மூச்சோடு உள்ளே போவது வேறு சங்கதி. தோரியம் விடும் ஆல்ஃபா கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது, ஆனால் தூசு நுரையீரலில் தங்கிவிட்டால் அங்கே அதைத் தடுக்க எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிப்பட்ட தூசில் வேலை செய்தால் அவருடைய முகக்கவசத்தைப் பற்றித்தான் நான் முதலில் கவலைப்படுவேன்.

உங்கள் அம்மாவுக்கு வந்தது இந்த மணலால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. கதிர்வீச்சால் வந்த கேன்சரும் வேறு காரணத்தால் வந்த கேன்சரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ‘ஊரில் இத்தனை கேன்சர்’ என்பதற்கும் கருநாகப்பள்ளி மாதிரி வீடு வீடாக எண்ணிப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். குமரிக் கடற்கரைக்கும் அப்படி ஒரு கணக்கெடுப்பு வேண்டும், முடிவை ஊர் மக்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்பது நியாயம், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

மகள் விஷயம். இந்தக் காரணத்துக்காக நல்ல சம்பந்தத்தைத் தட்டிவிட வேண்டாம். பேரப்பிள்ளைகள் குறையோடு பிறக்குமோ என்று உங்கள் கடிதத்தின் நடுவே ஒரு வரி எழுதி அடித்திருந்தீர்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுவீச்சில் தப்பியவர்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 77,000 பேரைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். பெற்றோர் வாங்கிய கதிர்வீச்சால் பரம்பரைக் குறை கூடியதாகத் தெரியவில்லை. அந்த அளவுக்கே தெரியவில்லை என்றால் உங்கள் கடற்கரை எம்மாத்திரம். புது வீடு கட்டும்போது அந்தக் கடல் மணலைத் தரைக்கு நிரப்பாதீர்கள், ஜன்னல்களைத் திறந்து காற்று வர விடுங்கள்.

“அம்மாவுக்குக் கரண்ட் வைக்கிறார்கள், தினமும் கூட்டிப் போய் வருகிறோம். உடம்பிலிருந்து கதிர் வெளியே வரும், குழந்தையை விடாதே என்று மாமியார் சொல்லிவிட்டார். என் மூன்று வயதுப் பெண்ணை ஒரு மாதமாகப் பாட்டியிடம் விடவில்லை. தட்டு, டம்ளர் எல்லாம் தனி.” — வாசகி, மதுரை

தங்கச்சி, இன்றைக்கே குழந்தையைக் கூட்டிப் போய் மடியில் உட்கார வையுங்கள்.

‘கரண்ட்’ என்று நாம் சொல்வது கேன்சருக்கான கதிர்வீச்சுச் சிகிச்சையை. வெளியே ஒரு பெரிய இயந்திரத்தின் கீழே படுக்க வைத்துக் கொடுக்கும் அந்தச் சிகிச்சைக்கும் டார்ச் லைட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அணைத்தால் போச்சு. டார்ச் அடித்த சுவரில் வெளிச்சம் தங்குவதில்லை, அதே மாதிரி அம்மாவின் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. லீனியர் ஆக்ஸிலரேட்டர் என்றாலும் கோபால்ட் இயந்திரம் என்றாலும் இதே கதைதான். அவர் சாப்பிட்ட தட்டில் நீங்கள் சாப்பிடலாம், பக்கத்தில் படுக்கலாம், கட்டிப் பிடிக்கலாம். என் வேலைக்காலத்தில் என்னை அதிகம் வருத்தப்படுத்தியது இதுதான். நோயைவிட, வீட்டில் ஒதுக்கி வைத்ததால் ஒடுங்கிப்போன அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கூட வந்தவர்களிடம் யாரும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து விளக்கிச் சொன்னதில்லை, அவ்வளவுதான் காரணம்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். தைராய்டு கேன்சருக்கு அயோடின்-131 குடிக்கக் கொடுப்பார்கள். அது உடம்புக்குள் போகிற மருந்து, சிறுநீரிலும் வியர்வையிலும் வரும், கதிரியக்கம் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகும். அவர்களைச் சில நாள் தனி அறையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன பிறகும் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் எத்தனை நாள் நெருங்கியிருக்கக் கூடாது என்று எழுதியே கொடுப்பார்கள். அதை அப்படியே கேட்க வேண்டும். பெட் ஸ்கேன் எடுத்தவர்களும் அன்றைக்குச் சில மணி நேரம் கைக்குழந்தையைத் தூக்காமல் இருந்தால் போதும், அந்த மருந்து 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். உங்கள் அம்மாவுக்கு எந்த வகை என்று சந்தேகம் இருந்தால் சிகிச்சை அறையில் இருக்கும் டெக்னீஷியனிடமே கேளுங்கள்.

“செல்போன் டவர் பக்கத்தில் வீடு. இதுவும் அணுக் கதிர்வீச்சு மாதிரிதானே?” — வாசகர், திருப்பூர்

இல்லை. இரண்டையும் கதிர்வீச்சு என்று ஒரே சொல்லில் சொல்வதால் வரும் குழப்பம் இது. தோரியம், சீசியம், எக்ஸ்ரே இவற்றின் கதிருக்கு அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் சக்தி உண்டு, அதனால் செல்லுக்குள் இருக்கும் மரபுப் பொருளை உடைக்கும். டவரின் ரேடியோ அலைக்கு அந்தச் சக்தி இல்லை. அதைப் பற்றித் தனியாக ஒரு இதழில் பேசலாம், இங்கே கலக்க வேண்டாம்.

“வயிற்று வலிக்கு சி.டி. எடுத்தார்கள். மூன்று மாதத்தில் மறுபடியும் எடுக்கச் சொல்கிறார் வேறொரு டாக்டர். ஒரு சி.டி. நானூறு எக்ஸ்ரேவுக்குச் சமம் என்று படித்தேன். எடுக்கலாமா?” — வாசகர், தஞ்சாவூர்

மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சி.டி. சுமாராக 8 முதல் 10. நீங்கள் படித்தது எந்த எக்ஸ்ரேயோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். எப்படியும் சி.டி. பெரியதுதான், மூன்று நான்கு வருஷ இயற்கைக் கதிர்வீச்சு ஒரே தடவையில் வருகிறது.

10 மில்லிசீவர்ட்டுக்கு என்ன ஆபத்து? பாதுகாப்பு விதிகள் எழுதுபவர்கள் வேண்டுமென்றே எச்சரிக்கையாகப் போடும் கணக்குப்படி, அந்த அளவு வாங்கிய 2,000 பேரில் ஒருவருக்குப் பின்னாளில் உயிரைப் பறிக்கும் கேன்சர் கூடுதலாக வரலாம். அந்த 2,000 பேரில் பல நூறு பேருக்கு எப்படியும் கேன்சர் வரத்தான் போகிறது. இதை எதிர்ப்பக்கத்தோடு வைத்துத்தான் எடை போட வேண்டும். வயிற்றில் இருப்பது என்ன என்று தெரியாமல் விட்டால் உங்களுக்கு என்ன ஆகும்? அது டாக்டருக்குத்தான் தெரியும், அவரிடம் ‘பழைய சி.டி.யைப் பார்த்தீர்களா, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதுமா’ என்று கேளுங்கள். அந்த இரண்டிலும் இந்த வகைக் கதிர் கிடையாது. பழைய ஸ்கேன் படத்தையும் அது பதிந்த வட்டையும் பத்திரமாக வைத்திருந்தாலே பாதி ஸ்கேன் மிச்சம். ஊர் மாறி டாக்டர் மாறும்போது அதைத் தொலைத்துவிட்டு மறுபடி எடுப்பதுதான் நான் அதிகம் பார்த்தது.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் கணக்கு வேறு. 1950-களில் இங்கிலாந்தில் ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சிறுவயதில் கேன்சர் கூடுதலாக வருகிறது என்று காட்டினார். பல வருஷம் அவரை யாரும் நம்பவில்லை. இன்று ஸ்கேன் அறை வாசலில் ‘கர்ப்பமாக இருந்தால் சொல்லவும்’ என்று ஒட்டியிருப்பதில் அந்த அம்மாவின் பங்கு பெரிது.

“கல்பாக்கத்திலிருந்து 12 கிலோமீட்டரில் வீடு கட்டியிருக்கிறோம். ஏதாவது ஆகிவிட்டால் என்று அயோடின் மாத்திரை வாங்கி வைக்கச் சொல்கிறான் மகன். அயோடின் உப்பு நிறையச் சாப்பிட்டாலே போதும் என்றும் வாட்ஸ்அப்பில் வந்தது.” — வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

உப்பை முதலில் முடித்துவிடலாம். ஒரு மாத்திரையில் இருக்கும் அயோடின் நம் வீட்டு உப்பிலிருந்து கிடைக்க வேண்டுமானால் கிலோக்கணக்கில் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், அதற்குள் உப்பே ஆளை முடித்துவிடும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது சீனாவில் மக்கள் கடை கடையாக உப்பை வாங்கிக் குவித்தார்கள், ஒரு பயனும் இல்லை.

மாத்திரை உண்மையானது, ஆனால் அது காப்பாற்றுவது தைராய்டை மட்டும், அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும். 1986 ஏப்ரல் 26-ல் செர்னோபிலில் உலை வெடித்தபோது அயோடின்-131 காற்றில் போய்ப் புல்லில் விழுந்தது, மாடு தின்றது, பாலில் வந்தது, பிள்ளைகள் குடித்தார்கள். உக்ரைன், பெலாரஸ், ரஷ்யாவில் அப்போது 18 வயதுக்குள் இருந்தவர்களில் 2005 வரை 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு கேன்சர் வந்தது. நல்ல வேளையாகப் பெரும்பாலோர் குணமானார்கள், அதுவரை இறந்தவர்கள் 15 பேர். ‘இந்தப் பாலைக் குடிக்காதீர்கள்’ என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். பக்கத்து நாடான போலந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சில நாளில் அயோடின் கொடுத்து முடித்தது.

அதனால் மாத்திரையை நீங்களாக விழுங்கும் பொருளாக நினைக்க வேண்டாம். கதிரியக்கம் வருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்திலோ போட்டால்தான் பலன். 40 வயதுக்கு மேல் பலன் குறைவு, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லையும் தரும். அதனால்தான் எப்போது போடுவது என்பதை மாவட்ட நிர்வாகம் சொல்ல வேண்டும். அணு உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டம் வைத்திருக்கிறார்கள், உங்கள் வீடு அதற்குள் வருகிறது. உங்கள் பஞ்சாயத்தில் ‘அவசரத்தில் எங்கள் தெருவுக்கு யார் வந்து சொல்வார்கள், மாத்திரை எங்கே இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் கூட வேண்டும்’ என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் விடாமல் கேளுங்கள். கல்பாக்கத்துக்காரர்களும் கூடங்குளம் பக்கத்து இடிந்தகரைக்காரர்களும் இதைக் கேட்டால் ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்று சொல்வது தப்பு. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

விபத்து இல்லாத சாதாரண நாளில் என்ன? நிலையத்தால் பொதுமக்களுக்குச் சேரும் கூடுதல் அளவு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதாவது இயற்கையாக வருவதில் பாதிக்கும் குறைவு. அந்த அளவில் நான் பயப்பட மாட்டேன். ஆனால் ஒன்றை மறைக்கவும் மாட்டேன். ஜெர்மனியில் 16 அணுமின் நிலையங்களைச் சுற்றிச் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. 5 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தப்புற்றுநோய் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு இருந்தது: 1980 முதல் 2003 வரை 37 குழந்தைகள். அந்த நிலையங்களிலிருந்து அவர்களுக்கு வந்த கதிர்வீச்சோ இயற்கை அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அது இத்தனை நோய்க்குக் காரணமாக இருக்க முடியாது என்று ஆய்வு செய்தவர்களே சொன்னார்கள். பின் என்ன காரணம்? இன்றுவரை விளங்கவில்லை. 12 கிலோமீட்டரில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. சுற்றுவட்டாரத்தில் பால், மீன், தண்ணீர் எல்லாம் எடுத்து அளக்கிறார்கள், அந்த அளவுகள் உங்கள் கைக்கு வர வேண்டும், சும்மா ‘பாதுகாப்பானது’ என்ற ஒரு சொல் போதாது.

இன்னொன்று, மகனிடம் இதையும் சொல்லுங்கள். ஃபுகுஷிமாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். அவசர அவசரமாக மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் காலி செய்தபோதும், அதை ஒட்டிய நாட்களிலும் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். மருந்து, சாப்பாடு, கதகதப்பு இல்லாமல் மணிக்கணக்கில் பேருந்தில் உட்கார வைத்ததால் வந்த சாவு. இடம்பெயர்ந்த வாழ்க்கையின் தொல்லைகளால் இறந்ததாக அந்த மாகாணத்தில் பதிவானவர்கள் மொத்தம் 2,000-க்கும் மேல். ஊர்க்காரர்களுக்குக் கதிர்வீச்சால் நேரடியாக வந்த நோய் எதையும் ஐ.நா.வின் அறிவியல் குழு காணவில்லை. போகச் சொன்னால் போகத்தான் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் படுக்கையில் இருக்கும் தாத்தாவை, ஆக்சிஜன் வைத்திருக்கும் பாட்டியை எப்படிக் கூட்டிப் போவது என்று இன்றைக்கே யோசித்து வைக்காத திட்டம் திட்டமே இல்லை. பல நேரம் கதவு ஜன்னலை மூடிக்கொண்டு ஓரிரு நாள் வீட்டுக்குள் இருக்கச் சொல்வதே சரியான முடிவாக இருக்கும்.

“ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறேன். அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. ஆண்மை போய்விடும், பிள்ளை பிறக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.” — வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

தம்பி, விந்தணு தற்காலிகமாகக் குறைவதற்கே ஒரே தடவையில் 150 மில்லிகிரே அந்த இடத்தில் பட வேண்டும், நிரந்தரமாகப் போவதற்கு அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல். உங்களுக்கான வரம்பு ஐந்து வருஷத்துக்கு மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. எனவே நண்பர்கள் சொல்வதை விடுங்கள்.

நீங்கள் கேட்காத கேள்விக்குத்தான் எனக்குப் பதில் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்று நாட்டிலும் அணுத்துறையில் வேலை செய்த 3 லட்சம் பேரைப் பல பத்தாண்டுகள் பார்த்ததில், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினாலும் கேன்சர் சாவு சற்றுக் கூடுகிறது என்று தெரிந்தது. வேலைக்காலம் முழுவதும் சேர்த்து 100 மில்லிகிரே வாங்கிய 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் சாதாரணமாக 20 பேர் கேன்சரில் இறப்பார்கள் என்றால் அது 21 ஆகும். மேலே கேரளா ஆய்வில் ஒன்றும் தெரியவில்லை என்றேன், இங்கே சிறிதாகத் தெரிகிறது என்கிறேன். இரண்டும் உண்மைதான். சின்ன அளவை எடை போடுவது அவ்வளவு கடினம்.

ஆகவே வேலைக்குப் போங்கள், ஆனால் நெஞ்சில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜை (நீங்கள் வாங்கும் கதிர்வீச்சை அளப்பது அதுதான்) கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். அளவு கூடினால் வேலை போய்விடுமோ என்று பேட்ஜை லாக்கரில் விட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் என்ன வாங்கினார்கள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. ஒப்பந்தக்காரர் மாறினாலும் உங்கள் அளவுக் கணக்கு உங்கள் பெயரில் தொடர வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, சம்பளச் சீட்டு மாதிரி வீட்டில் வையுங்கள்.

“பழைய இரும்பு வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரி, கம்பெனிச் சாமான்களும் வரும். எங்களுக்கும் இதில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா?” — வாசகர், சேலம்

இந்த மாதம் வந்ததிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையதுதான். அணு உலையை விட்டால், சாதாரண மக்களைக் கதிர்வீச்சு கொன்ற இடங்களில் காயலான் கடை முன்வரிசையில் நிற்கிறது.

2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரியில் நடந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பல வருஷமாகச் சும்மா கிடந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விட்டார்கள், பழைய சாமான் என்று. உள்ளே கோபால்ட்-60 இருந்தது. கடையில் அதை உடைத்துப் பிரித்தார்கள். ஒருவர் பளபளவென்று இருந்த ஒரு சின்னத் துண்டை மணிபர்ஸில் போட்டு வைத்திருந்தார். அவர் பின்பாக்கெட் பக்கம் உடம்பே வெந்துபோனது. கடைத் தொழிலாளி ஒருவர் இறந்தார்.

அதைவிடப் பெரியது 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரத்தில் நடந்தது. கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்திலிருந்து இரண்டு பேர் இயந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே 93 கிராம் சீசியம் குளோரைடு. இருட்டில் நீலமாக மின்னியது. கடைக்காரர் அதிசயம் என்று வீட்டுக்குள் கொண்டுபோய், வந்த சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார். அவர் சகோதரர் வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை அந்தப் பொடியைத் தொட்டு விளையாடிய கையோடு சாப்பிட்டது. இரண்டு வாரத்தில் ஒவ்வொருவராக வாந்தி, பேதி, தோல் புண் என்று விழ ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஏதோ தொற்றுநோய் என்று நினைத்தார்கள். கடைக்காரரின் மனைவிதான் இதற்கெல்லாம் காரணம் அந்த மின்னும் பொருள் என்று புரிந்துகொண்டு, மிச்சத்தை ஒரு பையில் போட்டுப் பேருந்தில் ஏற்றி சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த நாள் ஓர் இயற்பியலாளர் கருவி கொண்டுவந்து அளந்தபோது முள் அப்படியே கடைசிக்குப் போய் நின்றது. ஊரின் விளையாட்டரங்கத்தில் வைத்து 1,12,000 பேரைச் சோதித்தார்கள், 249 பேர் மேல் சீசியம் இருந்தது. நான்கு பேர் இறந்தார்கள்: அந்தக் குழந்தை, கடையில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள், அந்த அம்மா. அந்தப் பெண் யோசித்துக் கண்டுபிடித்திராவிட்டால் எத்தனை பேர் போயிருப்பார்களோ. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது பெரிய மரியாதை வரும்.

கடைக்காரர் தன் மனைவியைவிட அதிக அளவு வாங்கியும் அப்போது பிழைத்துக்கொண்டார். அவர் வெளியே போய்ப் போய் வந்ததால் அவர் உடம்புக்கு இடைவெளி கிடைத்தது, அந்த அம்மா வீட்டிலேயே இருந்தார் என்று சொல்கிறார்கள். ‘எவ்வளவு நேரத்தில்’ என்று நான் கேட்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

உங்கள் கடைக்கு வருவோம். மஞ்சள் பின்னணியில் நடுவில் புள்ளியும் சுற்றிலும் மூன்று இதழும் உள்ள குறி, அல்லது சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் உள்ள குறி, இந்த இரண்டையும் அச்செடுத்து எடை போடும் இடத்தில் ஒட்டுங்கள். குறி அழிந்தும் போயிருக்கலாம், அதனால் கைக்கு அடங்காத கனத்தோடு, தடித்த ஈய உறை போட்ட உருளை வந்தால் சந்தேகப்படுங்கள். வெட்டாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். உறை உடையாதவரை பெரும்பாலும் ஆபத்து உள்ளேயே அடைந்து கிடக்கும். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லுங்கள். சின்னத் துண்டிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவர் பத்து மீட்டருக்குப் போனால் அவர்மேல் படுவது நூறில் ஒரு பங்காகிவிடும். போலீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போன் செய்து ‘கதிரியக்கப் பொருள் என்று சந்தேகம்’ என்ற வார்த்தைகளையே சொல்லுங்கள், அவர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவிப்பார்கள். போட்ட பணம் போகிறதே என்று வேறு கடைக்குத் தள்ளிவிட வேண்டாம். ஏற்கெனவே உடைத்துவிட்டீர்கள், பொடி பட்டிருக்கிறது என்றால், உடுத்தியிருந்த துணியைக் கழற்றி ஒரு பையில் கட்டி அங்கேயே வைத்துவிட்டு, கையையும் தலையையும் சோப்புப் போட்டுக் கழுவி, பரிசோதிக்கும் ஆட்கள் வரும்வரை எதையும் சாப்பிடாமல் இருங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அந்தத் துணியோடு போகாதீர்கள்.